வெற்றிடமும் பூச்சியமும்



பரீட்சைக்கு வராத மாணவனின் பெயருக்கு நேரே நாம் பூச்சியம் இடுவதில்லை. சித்தி என்றும் எழுதுவதில்லை. ‘சமுகமளிக்கவில்லை’ என்றே குறிக்கின்றோம். கணினி நிரல்களைத் தாமே சோதிக்கும் மென்பொருள்களுக்கும் இந்நெறி இன்றியமையாதது.

ஒரு நிரலைத் திருத்துந்தோறும் நூற்றுக்கணக்கான சோதனைகளை இம்மென்பொருள் நடத்தி முடிவுகளைப் பதிவு செய்கின்றது. அவற்றுட் சில, துணைக்கருவி ஒன்று இருந்தாலன்றி நடைபெறா. அக்கருவி இல்லாதபோது ‘தேறியது’ என்பது பொய். ‘தவறியது’ என்பது குற்றமற்ற நிரலின்மேற் சுமத்தும் பழி. ஆகவே, ‘தவிர்க்கப்பட்டது’ என்னும் மூன்றாம் விடையைக் காரணத்தோடு எழுதுதல் வேண்டும். பைத்தான் மொழியாளர் கையாளும் பைடெஸ்ட் என்னும் கருவியில் இதற்கு வழியுண்டு. எனினும், மென்பொருளை மக்களிடம் கொடுக்குமுன் நிகழும் இறுதிச் சோதனையில், வேண்டிய கருவி இல்லாமையே தவறாகக் கொள்ளப்படல் வேண்டும். அங்கே தவிர்த்தல் என்பது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

இனி, ‘கருவி இல்லை’ என்னும் ஒரே செய்தியை நூறு முறை பதிவேட்டில் எழுதினால் என்ன ஆகும்? படிப்பவர் படிப்பதை விட்டுவிடுவர். நூற்றோராவது வரியில் உண்மையான பிழை இருப்பினும் அது கண்ணிற் படாது. ஆதலின், அதனை ஒருமுறை கூறி, இறுதியில் தொகுத்துக் காட்டுதலே தக்கது. தேறிய சோதனைகளின் விவரத்தை மறைத்து, தவறியவற்றின் விவரத்தை மட்டும் விரித்துக் காட்டுவதும் அக்கருவியின் வழக்கம்.

ஊவா மலைச்சரிவுகளில் வாழும் நமக்கு இந்நெறி உயிரோடு ஒட்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தானியங்கி மழைமானிகளைக் கொண்டு மண்சரிவு அபாயத்தை உய்த்துணர்கின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 ஆனால் எச்சரிக்கை. 150 ஆனால் வெளியேற்றம் என்பது அதன் படிமுறை. பழுதுற்ற மானி ஒன்றின் வெற்றிடத்தைப் பூச்சியம் என்று எழுதிவிட்டால், மலையடிவார லயன் அறைகளில் மக்கள் கவலையின்றி உறங்குவர். தூறல்தோறும் அபாயமணி அடித்தாலோ, பெருமழை இரவில் எவரும் எழமாட்டார்.

ஆயினும், உண்மை கூறப்படுவது மட்டும் போதாது. கொஸ்லாந்தை மீரியபெத்தை மக்களை இடம்பெயர்க்குமாறு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்றிடம் அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. அங்கே குறைந்தது அளவீடன்று, செயல்.

அளந்ததை அளந்தபடியும், அளக்காததை அளக்கவில்லை என்றும் கூறுவது கருவியின் கடன். கூறியதைக் கேட்டு, போக்கிடம் அற்றவர்க்கு இடம் அமைத்துக் கொடுப்பது மனிதர் கடன்.