பால்வாடிப் பொறுப்பாளர்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் கோயில் கட்டியவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாமோ இன்று பால்வாடிகளை நடத்தும் சகோதரிகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அவர்களில் சிலர் இதோ பெண்கள் பகுதியில் அமர்ந்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், ஆகையால் சொல்லவில்லை.

தென்காசிப் பக்கத்துத் தாய்மார் பலர் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென விதித்தது. ஆனால் வேலை திண்ணைக்கு வந்துவிட்டதே! திண்ணைக்கு ஏது காப்பகம்? குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்குப் போகும் தாய்மாருக்கும் இதே கவலைதான். இவர்கள் பிள்ளைகளுக்குப் புகலிடம் பால்வாடியே.

பிள்ளை அழாமல் பார்த்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றிருந்த காலம் உண்டு. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மாதந்தோறும் எடை போடத் தராசைக் கொண்டுவந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அரிசி, பருப்பு, எண்ணெய்க் கணக்கும் சேர்ந்தது. 2021 முதல் எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டியதாயிற்று. வேலை மேலாளருடையது, கைக்கு வருவது சிறப்புக் காலமுறை ஊதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. நாம் இன்னும் "ஏ, ஆயா" என்றே கூப்பிடுகிறோம்.

ஒரு மழைநாளில் மையம் ஒன்றுக்குப் போனோம். உள்ளே உலை கொதிக்கிறது, பிள்ளைகள் இரைச்சல். பொறுப்பாளர் வாசலில் குடையோடு நின்று, கைப்பேசிக்குச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். "சாமி, பிள்ளைய தூக்க நேரமில்ல" என்றார். நமக்குக் கோபம் வந்தது. இந்தப் பதிவுகளெல்லாம் வீண் என்றே சொல்லிவிட்டோம்.

அவர் மறுத்தார். பதிவைத் திறந்து, ஒரு பையனின் எடை மூன்று மாதமாக ஏறாததைக் காட்டினார். கொழுகொழுவென்று நம் கண்ணுக்குத் தெரிந்த பிள்ளைதான். விசாரித்ததில், மாலையில் தாய்க்குப் பீடிக்கட்டு முடிக்கும் அவசரம்; பிள்ளைக்குத் தேநீரும் ரொட்டியுமே இராச்சாப்பாடு. நாம் பலமுறை தலையில் கைவைத்து ஆசீர்வதித்த பிள்ளை அது, ஒன்றும் அறியவில்லை. எண் அறிந்திருந்தது.

ஆகவே கணக்கை விடு என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் எழுதும் நேரத்தில் பிள்ளைகளுடன் இருக்க ஆள் வேண்டும். அது நம்மால் முடியும். மாதத்தில் எடை போடும் நாளன்று, அவர் சம்மதித்தால், மரியாயின் சேனையிலிருந்து இருவர் காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் போதும். தகப்பன்மாரே, பிள்ளையை நேரத்தோடு வந்து அழைத்துப் போங்கள். அந்த அம்மாளுக்கும் வீடு உண்டு. வருகிறவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.