மெத்தென்று இறங்கும் பிரேக் பெடல்



மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சன் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து சந்தக்பூ உச்சிக்குப் பாதை போகிறது. உச்சியின் உயரம் 3,636 மீட்டர். 1950களில் செய்த லேண்ட்ரோவர் வண்டிகள் பல பத்தாண்டுகள் அந்தப் பாதையில் ஆட்களை ஏற்றிச் சென்றன. ஏறும்போது நான்கு சக்கரமும் இழுக்கும். இறங்கும்போது உயிரைக் காப்பது பிரேக்.

அப்படிப்பட்ட பழைய வண்டியில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். பெடல் பஞ்சுபோல அமுங்குகிறது. நாலு தடவை மிதித்ததும் கொஞ்சம் பிடிக்கிறது. "இது போதும்" என்று வண்டியை எடுக்கிறார். இது சரியா? சரியில்லை.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும். அந்த அழுத்தம் சக்கரத்தில் உள்ள பிரேக் ஷூவை டிரம்மோடு சேர்த்துப் பிடிக்கும். ஆயில் சுருங்காது. காற்று சுருங்கும். குழாயில் காற்று புகுந்தால், மிதிக்கும் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும்.

பெடல் சொல்லும் சேதி மூன்று.

பஞ்சுபோல இருந்தால், உள்ளே காற்று.

ஆழமாக இறங்கி, மறுமுறை மிதித்ததும் கெட்டியாக நின்றால், ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். மிகவும் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மிதித்தபடியே இருக்கும்போது மெல்லக் கீழே போனால், எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கெட்டுவிட்டது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும். நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் நிப்பிளைத் திறப்பார். குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். இடையிடையே டப்பாவில் புது ஆயில் ஊற்ற வேண்டும். டப்பா காலியானால் மறுபடி காற்று புகும்.

ஆயில் வாங்கும்போது டின்னில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வண்டிக்குச் சொல்லப்பட்ட பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். வெளியே வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

காற்று தானாகப் புகாது. சில நாளில் பெடல் மீண்டும் மெத்தென்று ஆனால், கசியும் இடத்தைத் தேடி மெக்கானிக்கிடம் சரிசெய்ய வேண்டும்.

பெடல் கெட்டியாகும்வரை வண்டி நிற்கட்டும். ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். போன உயிர் திரும்புமா?