அடுத்த முடிச்சு



மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையில், கிழிந்த வலையைப் பொத்தப் பழகும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் அதிகம் பேசுவதில்லை. அவன் விரலைப் பிடித்து, முடிச்சு இறுகும் இடத்தைக் காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அடுத்த முடிச்சு அவனுடையது.

தொழிலுக்கு இப்படி ஓர் ஆள் கிடைக்கிறார். படிப்புக்கும் வாழ்க்கைக்கும்?

அப்படியும் ஒருவர் முன்வந்ததுண்டு. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவர்களைப் பின்தங்கிய கிராமம் ஒன்றுக்கு, உழைப்பைத் தானமாகக் கொடுக்கும் சிரமதானத்துக்குக் கூட்டிச்சென்றார். அதிலிருந்துதான் சர்வோதய என்னும் கிராம மேம்பாட்டு இயக்கம் வளர்ந்தது.

நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு மாலையை ஊர்ப் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள். "அண்ணா, இந்தக் கணக்கு விளங்கேல்லை" என்றால், "வா தம்பி, இருந்து பார்ப்பம்" என்று சொல்ல ஒருவர் போதும்.

இரண்டு மட்டும்: சொன்ன நாளில் போய்விடுங்கள். காத்திருந்து ஏமாந்த பிள்ளை மறுபடி கேட்கத் தயங்கும். விடையைச் சொல்லாதீர்கள், வழியைக் காட்டிவிட்டுக் கையை எடுங்கள். அடுத்த முடிச்சை அந்தப் பிள்ளையே போடும்.