வசவு யார் மேல் விழுகிறது?
(பாராடாங் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேஸ்திரி கூலியைக் குறைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அப்போது வாயில் வரும் வசவு யாரைப் பற்றியது? அவனைப் பெற்ற தாயைப் பற்றியது! கூலியைக் குறைத்தவன் ஒருவன்; ஏச்சு வாங்குகிறவள் எங்கோ அடுப்படியில் இருப்பவள். அதே சொல் இரவில் நம் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. பிள்ளைகள் கேட்டுப் படிக்கிறார்கள்.

வசவு ஒருநாளும் மேலே ஏறுவதில்லை. எளியவர் மேல்தான் விழும். இலங்கைத் தோட்டங்களை வளப்படுத்திய தமிழனைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்தவர்களில் சிலர் நமது கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறினார்கள். அந்தச் சொல்லின் வலி அவர்களுக்குத் தெரியும்.

நீரிணைக்கு அக்கரைக் காட்டில் வாழும் ஜாரவா மக்கள் தங்களை ‘அங்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் ‘காட்டான்’ என்று நாம் ஏசலாமா?

தோழர்களே! கூலியைக் கேட்போம், கணக்கைக் கேட்போம், குரலை உயர்த்தியே கேட்போம். எவர் தாயையும் தெருவுக்கு இழுக்காமல் கேட்போம்.