பேய்வீட்டில் குடியிருப்போர்



பேய்வீட்டுப் படம் பார்ப்போர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவர்கள் ஏன் வீட்டை விட்டு ஓடிவிடவில்லை?" எளிய கேள்விதான். ஆனால் அத்தகைய வீட்டில் யாருக்கு எந்த வேடம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது எளிதாகத் தோன்றாது.

1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' என்னும் படத்தில், கதாநாயகராகிய பாப் ஹோப்பின் கறுப்பினப் பணியாளாக வில்லி பெஸ்ட் நடித்தார். கதாநாயகரும் பேய்க்கு அஞ்சத்தான் செய்கிறார்; ஆயினும் அவ்வச்சம் துணிவாக மாறுகிறது. பணியாளின் அச்சமோ சிரிப்பு மூட்டுவதற்கே பயன்படுகிறது. நல்ல நடிகர் அவர். அவரைத் தொடக்க காலத்தில் 'தூங்கு, தின்' என்று பொருள்படும் பட்டப்பெயரால் திரையில் குறித்தார்கள் என்றால் வேறென்ன சொல்ல? பள்ளி நாடகங்களில் வாயிற்காவலன் வேடம் எந்தப் பையனுக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பல்லாண்டு கவனித்தவன் நான். ஆகவே இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

1980இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த 'தி ஷைனிங்' படத்தில் ஹாலரன் என்னும் கறுப்பினச் சமையற்காரர் வருகிறார். தாயையும் மகனையும் காப்பாற்ற, புளோரிடாவிலிருந்து கொலராடோவின் பனிமலைக்கு ஓடோடி வருகிறார். விடுதிக்குள் நுழைந்த சற்று நேரத்தில் கோடரிக்கு இரையாகிறார். ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய மூல நாவலில் அவர் உயிர் பிழைக்கிறார்! திரையில் அவர் ஏறிவந்த வண்டி மட்டுமே மற்றவர்கள் தப்பிச் செல்ல உதவுகிறது. அவ்விடுதி செவ்விந்தியரின் இடுகாட்டின்மேல் கட்டப்பட்டதாம். அம்மக்களுக்குப் படத்தில் கிடைத்த இடம் அடித்தளத்துக்குக் கீழேதான்.

2020இல் ரெமி வீக்ஸ் இயக்கிய 'ஹிஸ் ஹவுஸ்' என்னும் ஆங்கிலப் படம் அந்தப் பழைய கேள்விக்கே விடை கூறுகிறது. தென் சூடான் போரிலிருந்து தப்பி, கடலில் பலரைப் பறிகொடுத்து இங்கிலாந்தை அடைந்த போல், ரியால் என்னும் கணவன் மனைவியர்க்கு அரசு ஒரு பாழ்வீட்டை ஒதுக்குகிறது. அங்கேதான் வாழவேண்டும், வேலைக்குப் போகக்கூடாது, விதியை மீறினால் திருப்பி அனுப்பப்படலாம். சுவருக்குள்ளிருந்து இறந்தோர் அழைக்கிறார்கள். எங்கே ஓடுவது? வெளியே போக வழியுள்ளவனுக்குத்தான் அந்தக் கேள்வி பொருந்தும்.

இப்படத்தில் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த காட்சியில் பேயே இல்லை. தெருக்களின் சிக்கலில் வழி தவறிய ரியால், கறுப்பின இளைஞர் சிலரைக் கண்டு நம்பிக்கையோடு வழி கேட்கிறாள். அவர்களோ அவளுடைய பேச்சைப் பழித்து, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போகச் சொல்கிறார்கள். ஒரே நிறத்தார் நால்வரைத் திரையில் நிறுத்திவிட்டால் ஒரு மக்களின் கதை வந்துவிட்டது என்று எண்ணுவோர் இதை ஒருமுறை பார்க்கவேண்டும்.

போலும் குற்றமற்றவன் அல்லன். உயிர் தப்புவதற்காக அவன் செய்த ஒரு செயலே பேயாக வந்து கணக்குக் கேட்கிறது. வெறும் கோழையாகவோ, பிறருக்காக மடியும் நல்லவனாகவோ அவனைக் காட்டாமல், பழியும் துயரமும் உள்ள மனிதனாகவே காட்டியிருக்கிறார்கள். இறுதியில் அதிகாரிகள் வீட்டைப் பார்வையிட வருகிறார்கள். சுவர்கள் செப்பனிடப்பட்டிருக்கின்றன. கணவனும் மனைவியும் அவ்வீட்டிலேயே நிற்கிறார்கள். கடலில் மாண்டவர்களும் அவர்களைச் சூழ்ந்து அமைதியாக நிற்கிறார்கள்.