மாலையும் வேண்டாம், வசவும் வேண்டாம்



2022 செப்டம்பரில் நம் இடுக்கி மாவட்டத்து மாங்குளத்தில், விடிகாலையில் நடந்து போன ஒரு பழங்குடி விவசாயி மேல் சிறுத்தை பாய்ந்தது. பல நாளாக அந்தப் பக்கத்து ஆடுகளை அடித்துத் தின்ற சிறுத்தை. வனத்துறையினர் கூண்டு வைத்தார்கள், சிக்கவில்லை. கையும் காலும் கிழிபட்ட மனுஷன் வெட்டுக்கத்தியை வீசினார், சிறுத்தை செத்தது. வழக்கு இல்லை என்றார் வனத்துறை அமைச்சர் சசீந்திரன். சரியான முடிவு. ஆனால் அதை யாரும் சலுகை என்று சொல்ல வேண்டாம். உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவு, அன்றே எழுதி வைத்திருக்கிறது!

அந்த மனிதரை வீரன் என்று தூக்கி வைக்கிறவர்களே, சிறுத்தையோடு மல்லுக்கட்ட ஆசைப்பட்டா அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார்? வாயில்லா ஜீவனைக் கொன்ற பாவி என்கிறவர்களே, அந்த நொடியில் அவர் வேறென்ன செய்திருக்க வேண்டும்? கழுத்தை நீட்டியிருக்க வேண்டுமா? நீங்கள் புகழ்ந்தாலும் ஏசினாலும், கூண்டு வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்தவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்!

இதே வாயால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை.

2020 மே மாதம் பாலக்காட்டில் வெடியைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஒன்று, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வைத்த வெடி என்றார்கள். வெடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவனுக்கு எந்த உயிராபத்து? அந்த வனவிலங்குச் சட்டத்தை மீறி ஒன்றைச் செய்துகொண்டிருந்தவன் தற்காப்பு பேச முடியாது என்று அதே 11ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது.

2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, செல்போனில் படம் எடுத்தபடி அடித்தே கொன்றது ஒரு கும்பல். எங்கள் கடையை நாங்கள்தானே காக்க வேண்டும் என்று அதற்கும் நியாயம் பேச ஆள் இருக்கிறது. கட்டிப் போட்ட கையிடமிருந்து எதைக் காக்கிறாய்? 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது.

மாங்குளத்துக்காரரின் நியாயத்தை இவர்கள் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்! கொடுத்தால், நாளைக்கு எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண் உயிருக்குப் பயந்து அரிவாளை ஓங்கும்போது, அவள் சொல்லையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அப்படி யாராவது ரத்தத்தோடு லயத்துக்கு ஓடி வந்தால் போட்டோ எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நஷ்டஈட்டு மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறகு எல்லோருமாக ரேஞ்ச் ஆபீசுக்குப் போய், அந்த மிருகம் நடமாடுவதாக எந்தத் தேதியில் தகவல் வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.