போர் வண்டியிலிருந்து எண்ணெய்க் கிணற்றுக்கு



திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள் என்றால் அன்று ராத்திரி சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் தூக்கம் கிடையாது. கம்ப்ரசர் இரைச்சல் ஒரு பக்கம், மாவாகப் பறக்கும் பாறைத்தூள் ஒரு பக்கம். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்த்தவர் சொன்ன ஆழத்தைத் தாண்டி ராடு இறங்கிக்கொண்டே இருக்கும். நிலத்துக்காரர் மனசுக்குள் வட்டிக்கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பார். திடீரென்று தூள் ஈரமாகும், சேறாகும், அப்புறம் குழிவாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். உடனே கற்பூரம் ஏற்றுவார்கள்.

எண்ணெய்க் கிணற்றில் இப்படி ஏதாவது தானாக மேலே வந்தால் கற்பூரம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஏற்றியவர் இருக்க மாட்டார். கேட்காமல் மேலே வருவதற்கு அங்கே ‘கிக்’ என்று பெயர். அடக்க முடியாமல் போனால் ‘ப்ளோ அவுட்’. ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் இருக்கிற பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி. கிணறு ஒன்று அப்படித்தான் வெடித்துத் தீப்பிடித்தது. அணைக்க 65 நாள் ஆனது. அசாமில் பாக்ஜான் என்ற ஊரில் 2020 மே மாதம் கசிய ஆரம்பித்த கிணற்றை அடக்க நவம்பர் ஆகிவிட்டது.

போர் வண்டியில் வேலை பார்த்த பிள்ளைகளும், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகளும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வளைகுடாவில் எண்ணெய் ரிக்கில் வேலைக்குப் போக வேண்டுமானால் இங்கிலீஷ் எவ்வளவு தெரியணும்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஏன் வளைகுடா, நம் ஊரில் இல்லையா என்று தோன்றலாம். திருக்கோவிலூரிலும் கல்வராயன் மலையிலும் காலுக்கடியில் இருப்பது பழைய கடும்பாறை. பெண்ணையாற்றுக்குள் நிற்கிற கபிலர் குன்றைப் பார்த்தாலே அது தெரியும். எண்ணெய் தேடுபவர்களுக்கு வேண்டியது ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டி, அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப்பாறை. அது கிழக்கே போகப் போகத்தான் வரும். நாமும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான், 1930களில் நெய்வேலி ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப்போய்ப் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. இன்னும் தெற்கே போனால் காவிரிப் படுகை. ஓ.என்.ஜி.சி. அங்கே 1960களிலேயே காரைக்கால் பக்கம் துளைபோட்டுப் பார்த்தது. பிற்பாடு நரிமணத்தில் எண்ணெய் கிடைத்து, 1993ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அதன் பிறகு எண்ணெய், வாயுக் கிணறுகளை எதிர்த்து நெடுவாசல், கதிராமங்கலம் என்று நடந்த போராட்டங்களை நீங்கள் அறிவீர்கள். 2020ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமானது. அங்கே புதுக் கிணறு வேண்டுமா, வேண்டாமா என்பது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம். என் கட்சி விவசாயி கட்சிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வழி சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். ரிக்கில் புழங்குகிற ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைவிடச் சுலபம். தினமும் எழுதுகிற ட்ரில்லிங் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதில் ‘நான்’, ‘நாங்கள்’ எதுவும் வராது. துளையிட்டது, மண் கலவையைச் சுற்றவிட்டது, குழாயை வெளியே எடுத்தது, உள்ளே இறக்கியது, சோதித்தது, இவ்வளவுதான். ட்ரில்டு, சர்குலேட்டட், புல்டு அவுட், ரேன் இன், டெஸ்டட். இந்த ஐந்து வினையோடு எத்தனை அடியிலிருந்து எத்தனை அடிவரை என்ற எண்ணைச் சேர்த்தால் பாதி ரிப்போர்ட் முடிந்தது. ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று பயந்தவர்கள் இங்கே பயப்பட வேண்டாம்.

பெயர்கள்தான் முதலில் தலையைச் சுற்றவைக்கும். தொண்ணூறு அடி உயரத்தில் ஒரு ஆள் நின்று குழாயைப் பிடித்து அடுக்குகிற பலகைக்குக் குரங்குப் பலகை என்கிறார்கள். ட்ரில்லர் பக்கத்திலிருக்கும் சின்ன அறை நாய்க்கூண்டு. தளத்தில் குழாயை நிறுத்துகிற ஓட்டைகளில் ஒன்று எலிவளை, ஒன்று பெருச்சாளி வளை. கிணற்றுக்குள் விழுந்த சாமான் மீன், அதை எடுக்கிற வேலை மீன்பிடி. டெக்சாஸ் பண்ணைக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர்கள் போலிருக்கிறது! இதையெல்லாம் சாதாரண அகராதியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. படத்தில் பார்த்து, கையை வைத்துக் காட்டிச் சொன்னால் ஒரே நாளில் மனசில் நின்றுவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு சௌகரியம் உண்டு. ஒன்று அளவு. பள்ளியில் மீட்டர், லிட்டர் படித்தாலும் நம் போர் தொழில் இன்னும் அடியிலும் இஞ்சிலும்தான் நடக்கிறது. பல எண்ணெய் ரிக்குகளிலும் அடிதான், இஞ்ச்தான். புதிதாகப் படிக்க வேண்டியது பேரல், கேலன், அழுத்தத்துக்கு பி.எஸ்.ஐ. ஒரு பேரல் என்றால் 42 அமெரிக்க கேலன், நம் கணக்குக்கு ஏறக்குறைய 159 லிட்டர்.

இன்னொரு சௌகரியம் காது. நல்ல போர் ஆபரேட்டர் ஹேமர் சத்தத்தை வைத்தே பாறை மாறிவிட்டது என்று சொல்வார். ராடு சடக்கென்று இறங்கினால் வெடிப்பு வந்துவிட்டது, தண்ணீர் இருக்கலாம் என்று முகம் மலர்வார். எண்ணெய் ரிக்கிலும் துளைமுனையான பிட் திடீரென்று வேகமாக இறங்கும். அதற்கு ‘ட்ரில்லிங் பிரேக்’ என்று பெயர். மலர்வதற்குப் பதில் அங்கே நிறுத்த வேண்டும். பிட்டைத் தூக்கி, பம்பை நிறுத்தி, கிணறு தானாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அது ‘ஃப்ளோ செக்’. அறிகுறி ஒன்றேதான், செய்ய வேண்டியது நேரெதிர். போர் வண்டி அனுபவம் உள்ளவர்கள் உடம்பில் ஊறிய இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மாற்றுவதற்குள் பத்து ஆங்கில வாக்கியம் தானாக வந்துவிடும்.

அங்கே ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் அது ஒரு பெருக்கல் கணக்கு. நம் போரில் காற்று அடித்துத் தூளை வெளியே தள்ளுகிறோம். எண்ணெய்க் கிணற்றில் அந்த வேலையைக் கனமான மண் கலவை செய்கிறது; ‘மட்’ என்பார்கள். தூளை மேலே கொண்டுவருவதோடு, கீழே இருக்கிற வாயுவும் எண்ணெயும் ஏறிவிடாமல் தன் எடையால் அழுத்தி வைத்திருப்பதும் அதுதான். ஒரு கேலன் மட் எத்தனை பவுண்டு எடை என்று பாருங்கள். அதை ஆழத்தின் அடிக்கணக்கோடு பெருக்கி, பிறகு 0.052ஆல் பெருக்குங்கள். அடியில் எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம் என்று வரும். பத்துப் பவுண்டு மட், பத்தாயிரம் அடி ஆழம் என்றால் 5,200. அதே ஆழத்துக்கு வெறும் தண்ணீர் இருந்தால் சுமார் 4,330. கீழே பாறைக்குள் இருக்கிற அழுத்தம் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மட் இருந்தால் கிணறு அடங்கியிருக்கும், தண்ணீர் என்றால் சீறும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். இதை ஆங்கிலத்தில் ஒருவருக்கு விளக்கத் தெரிந்தவன் இன்டர்வியூவில் பாதிக்கிணறு தாண்டியவன்.

இனி கொஞ்சம் கவலையான விஷயத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக், ஐயாயிரம் அடி தண்ணீருக்கு அடியில் மக்காண்டோ என்ற கிணற்றைத் தோண்டி முடித்து சிமென்ட் போட்டு மூடியிருந்தது. சிமென்ட் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. உள்ளே இருக்கிற கனமான மட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடல்நீரை விடுவார்கள். மேலிருந்து அழுத்தம் குறையும். சிமென்ட் நன்றாக இருந்தால் கீழேயிருந்து எதுவும் வராது, மானி பூஜ்யத்தில் நிற்கும். அன்று ட்ரில் பைப்பின் மானி 1,400 பி.எஸ்.ஐ. காட்டியது. பக்கத்தில் ‘கில் லைன்’ என்ற இன்னொரு குழாயில் பூஜ்யம் காட்டியது. ஒரே கிணற்றில் இரண்டு பதில்.

இது ஏன் என்று பேச்சு வந்தபோது, ரிக்கில் அனுபவமுள்ள ஒருவர் அது ‘பிளாடர் எஃபெக்ட்’ என்றார். மேலே இருக்கிற கனமான திரவம், கிணற்றை இறுக்கி மூடுகிற ரப்பர் வளையத்தை அழுத்துவதால் அப்படிக் காட்டுகிறது என்று விளக்கமும் கொடுத்தார். அங்கே இருந்தவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், பல வருஷம் தொழில் பார்த்தவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சரி என்று பூஜ்யத்தை நம்பி அடுத்த வேலைக்குப் போனார்கள். இரவு பத்து மணிக்குள் ரிக் வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள். எண்ணெய் 87 நாள் கடலில் ஓடியது. அந்த 1,400க்கு அப்படிப்பட்ட விளக்கம் பொருந்தவே பொருந்தாது என்று பின்னால் விசாரித்தவர்கள் எழுதினார்கள்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த நம் பிள்ளை ரிக்குக்குப் போனதும் என்ன செய்வான்? புரிந்தாலும் ‘எஸ் சார்’, புரியாவிட்டாலும் ‘எஸ் சார்’. பெரியவர்களுக்கு எதிரே மறுபேச்சு கூடாது என்று வளர்த்திருக்கிறோம், அது வீட்டில் நல்ல குணம். ரிக்கில் அது ஆளைக் கொல்லும். அதனால் முதலில் நாக்குக்குப் பழக்க வேண்டியது சரளமான ஆங்கிலம் இல்லை, கேள்வி. எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள். அதற்கு என்ன அர்த்தம்? வேலையை நிறுத்துங்கள். இந்த நான்கையும் சத்தமாக, கூச்சமில்லாமல், கூட்டத்துக்கு நடுவில் சொல்ல வர வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் கடைசி வேலையாள்கூட வேலையை நிறுத்தலாம் என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. ‘ஸ்டாப் ஒர்க் அதாரிட்டி’ என்பார்கள். எழுதி வைத்திருப்பது உண்மைதான், வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

பேச்சு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அதற்கான பெர்மிட் காகிதம் ஒரு இடத்தில் இருந்தது, ராத்திரி ஷிப்ட் ஆட்கள் பார்த்தது வேறு காகிதம். அந்த பம்பை ஓட்டினார்கள், கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது கேட்பது, காகிதத்தைப் படிப்பது, கையெழுத்துப் போடும் முன் நின்று யோசிப்பது, இவையும் ஆங்கிலப் பாடம்தான்.

வீட்டிலிருந்தே பழக வழி இருக்கிறது. யாராவது எண் சொன்னால் திருப்பிச் சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை, மோட்டார் இறக்குவதோ கேசிங் பைப் போடுவதோ, இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். நண்பனிடம் போட்டுக் காட்டுங்கள். அவனுக்கு எங்கே புரியவில்லையோ அங்கே திருத்துங்கள். இன்டர்நெட்டில் எஸ்.எல்.பி. (முன்பு ஷ்லம்பர்ஜர்) நிறுவனத்தின் சொல்லகராதி இலவசமாகவே இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெட்டெக்ஸ் பிரிவு துளையிடும் தொழிலை ஆரம்பத்திலிருந்து படத்தோடு விளக்குகிற புத்தகம் போட்டிருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டுகிற காசைவிட இது மேல் என்பது என் எண்ணம். ‘ஹவ் ஆர் யூ’ சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு மட் எடை தெரியாது. தொழிலில் மேலே போக நினைப்பவர்கள் ஐ.டபிள்யூ.சி.எஃப். என்ற கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்குத் தயாராக வேண்டும். ட்ரில்லருக்கு மூன்றாம் நிலை, மேற்பார்வையாளருக்கு நான்காம் நிலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி எழுத வேண்டும்.

கடைசியாக, நீங்கள் படிக்கப்போகிற முதல் தொழில் ஆங்கிலம் ரிக்கிலே இருக்காது, ஏஜென்ட் நீட்டுகிற ஒப்பந்தத்தில் இருக்கும். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் விடுப்பு, சம்பளம் மாதத்துக்கா நாளுக்கா, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, இதை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். படிக்க வராவிட்டால் படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசே 1978லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கேயும் ஒரு தடவை விசாரியுங்கள். நிலத்தை அடகு வைத்துக் காசு கட்டுவதற்கு முன்னால் விசாரியுங்கள்.